வில்லியனூர் மாதா

உயிர்ப்புப் பெருவிழா முடிந்ததும் புதுச்சேரியை அடுத்த வில்லியனூர் மாதா கோயிலில் கொடி ஏறும். பிள்ளையார்குப்பம் முதலான சுற்றுவட்டாரச் சனங்களுக்கு அது சொந்தத் திருவிழா. நேர்ந்துகொண்டு வருகிறவர்களில் இந்துக்களும் உண்டு. இதே வில்லியனூரில்தான் திருக்காமீசுவரர் சிவன் கோயில் தேரை அன்று பிரெஞ்சு ஆளுநர் வடம் பிடித்து இழுத்தார். இன்று துணைநிலை ஆளுநர் இழுக்கிறார். அப்படிப்பட்ட மண் இது.

பிரான்சு தேசத்து லூர்து நகரில் பெர்னதெத் என்ற ஏழைச் சிறுமிக்கு மாதா காட்சி கொடுத்தது 1858இல். அடுத்த இருபது ஆண்டுக்குள், 1877இல், அந்த மாதாவின் சுரூபம் கடல் கடந்து வில்லியனூருக்கு வந்துவிட்டது. கோயிலை எழுப்பியவர்கள் பாரீஸ் அந்நிய வேதபோதக சபைக் குருக்கள். சேசு சபை கலைக்கப்பட்ட பிறகு, 1776 முதல் புதுச்சேரி மிஷன் அவர்கள் கையில் இருந்தது. பின்னாளில் கோயிலுக்கு முன்னால் படிக்கட்டுகளோடு திருக்குளமும் அமைந்தது. நம் ஊர்க் கோயில் என்றால் குளம் வேண்டுமே! தேர்பவனியும் தீர்த்தமும் சேர்ந்தபோது லூர்து மாதா வில்லியனூர் மாதா ஆனாள். இதைச் செய்தவர்கள் தமிழ்ச் சனங்கள் என்றே நான் நினைக்கிறேன்.

ஆனால் அந்தச் சனங்கள் எல்லாராலும் ஒரே இடத்தில் முழங்காலிட முடிந்ததா? வில்லியனூர் கோயிலுக்கு ஒரு நூற்றாண்டுக்கும் முன்பே புதுச்சேரி சம்பா கோயிலுக்குள் ஒரு சுவர் இருந்தது. ஒரு பக்கம் சாதிக் கிறிஸ்தவர்கள், மறு பக்கம் தலித்துகள். 1745இல் தலித்துகள் குருவானவரிடம் நியாயம் கேட்டார்கள், சுவர் இடிக்கப்பட்டது. அக்காலத்துப் புதுச்சேரியில் வாழ்ந்த ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் இதை எழுதி வைத்திருக்கிறார். இந்தத் திருச்சபையின் வரலாற்றில் ஆயர்களின் பெயர்களைவிட, அன்று நியாயம் கேட்டவர்களின் துணிச்சல்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. அவர்கள் பெயர்களைச் சொல்ல ஆசை. பெயர்கள் நம் வரை வந்து சேரவில்லை.

அந்தச் சம்பா கோயிலை 1761இல் ஆங்கிலேயர் தகர்த்தார்கள். இன்றுள்ள பேராலயம் 1791இல் அபிஷேகம் பெற்றது. சுவர் போனாலும் சாதி போகவில்லை. தனித் தெரு, தனிக் கல்லறை என்று அது வெகுகாலம் நீடித்தது.

இன்னொரு சுவரைச் சட்டம் கட்டியது. 1950இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணை, அட்டவணைச் சாதித் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் என்று வரையறுத்தது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். தலித் கிறிஸ்தவர்கள் அந்தத் தகுதியை இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்கள் கேட்பது நியாயம்.