மழைநாளும் மழலையர் ஆட்டமும்

 

குறிஞ்சிப்பாடியில் மலை இல்லை. ஆயினும் குறிஞ்சித் திணைக்குக் கூதிரையும் முன்பனியையும் பெரும்பொழுதாக வகுத்தனர் முன்னோர். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்காலம். வடகிழக்குப் பருவமழை இவ்வூரை நனைப்பதும் அவ்விரு திங்களில்தான். தற்செயலான பொருத்தமே எனினும் கவிஞர் செவிக்கு இனிப்பது. மழை பார்த்துக் காத்திருக்கும் தலைவியைப் பாடிய புலவர் பலர். அதே மழையில் வீட்டுக்குள் அடைபட்ட நான்கு வயதுக் குழந்தையின் காத்திருப்பு ஏட்டில் ஏறியது குறைவு. அக்குழந்தையே இன்றைய உரைக்குப் பொருள்.

தேவநேயப் பாவாணர் தமிழ்நாட்டு விளையாட்டுகளைத் தொகுத்து நூலாக்கியபோது, பகலாட்டு, இரவாட்டு எனப் பொழுதுபற்றிப் பகுத்தார். மழையாட்டு என்றொரு பகுப்பையும் அவற்றோடு சேர்க்கத் தோன்றுகிறது. அதற்கு வேண்டுவன மூன்று: நனையாத ஒரு முழத் தரை, கைக்கு எட்டிய சில விதைகள், தரையில் வந்து அமரும் ஒரு பெரியவர். முதலிரண்டும் எளிதில் கிடைக்கும். மூன்றாவதுதான் அரிது.

குறிஞ்சிப்பாடி கைலிக்குப் பெயர்பெற்ற நெசவூர். குழித்தறியின் முன் அமர்ந்தவர் கால்களைக் குழிக்குள் விட்டு மிதிபலகையை இயக்குவார். மழை வலுத்தால் குழியில் ஈரம் ஊறும். பிறகு நீரே நிற்கும். இழை பிசுபிசுத்து அறும். தெருவில் பாவை விரித்துக் கஞ்சியிட்டு உலர்த்த இயலாது. தறி நின்றால் கூலியும் நின்றது. நாள் முழுதும் நாடாவின் ஓசைக்கு அப்பால் இருந்த தந்தை, அன்று பிள்ளைக்கு எதிரே சம்மணமிட்டு அமர்கிறார். குழந்தைக்கு அது திருநாள். அடுப்படியில் நிற்கும் தாய்க்கு அரிசிப் பானையின் அடி தெரியும் நாள். இவ்விரண்டும் ஒரே மழை தந்தவை. மழைநாளை வெறும் மகிழ்ச்சியாக மட்டும் பாடுவோர் அந்தப் பானைக்குள்ளும் ஒருமுறை எட்டிப் பார்த்தல் நன்று.

அத்தகைய வீட்டில் ஆடுவதற்குக் கடையில் வாங்கிய பொருள் எதுவும் வேண்டியதில்லை. கழிவு நூலை முடிந்து இரு கைவிரல்களில் மாட்டினால் தொட்டிலும் ஏணியும் பிறக்கும். நூல் தீர்ந்த தார்க்குச்சிகளை வரிசையாக அடுக்கினால் விருத்தாசலம் செல்லும் இரயில் வண்டி ஆகும். பல்லாங்குழிப் பலகை இல்லையெனில் தரையில் பதினான்கு வட்டம் வரைந்தாலே போதும். குழிக்கு ஐந்து புளியங்கொட்டை வீதம் எழுபது. பள்ளிக்குச் செல்லாத குழந்தைகூட, எந்தக் குழியில் தொடங்கினால் எங்கே போய் முடியும் என்று மனத்துக்குள் எண்ணிப் பார்க்கிறது. தோற்றவர், கையில் உள்ள காய்களுக்கு ஏற்ற குழிகளை மட்டும் நிரப்பி, எஞ்சியவற்றை வெறுமையாக விட்டு, மறு ஆட்டத்தைத் தொடங்குகிறார். நெசவாளர் வீட்டில் இந்த விதியைப் பிள்ளைகளுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு சொல் எச்சரிக்கையாக: மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குப் புளியங்கொட்டை காய் அன்று, வாயிலும் மூக்கிலும் போட்டுக்கொள்ளும் பொருள். அவ்வயதினருக்கு மூடியுள்ள டப்பாவும் கரண்டியுமே போதிய இசைக்கருவிகள். வீட்டார் காதைப் பொத்திக்கொள்வது அவரவர் பொறுப்பு.

சில கல் தொலைவிலுள்ள நெய்வேலியின் மழைநாள் வேறுவகை. 1957இல் தொடங்கிய சுரங்கம், மழைக்காகக் கண் மூடுவதில்லை. நிலக்கரிப் படுகைக்குக் கீழே அழுத்தத்தோடு நிற்கும் ஊற்றுநீரை ஓயாது இறைத்தால்தான் வெட்டும் பணி நடக்கும்; மழைநீர் அதனோடு சேரும் கூடுதல் சுமை. எனவே தந்தை இரவுப் பணி முடித்து, நனைந்த சட்டையோடு காலையில் குடியிருப்புக்குத் திரும்புகிறார். அவர் உறங்கும் அறைக்கு வெளியே பிள்ளைகளுக்கு ஓசையற்ற ஆட்டம் வேண்டும். தாயக்கட்டை உருண்டால் உறக்கம் கலையும். ஆடுபுலி ஆட்டம் பொருந்தும், நூலாட்டம் பொருந்தும், தாயின் மடியில் கிசுகிசுப்பாகச் சொல்லப்படும் கதை எல்லாவற்றிலும் சிறந்தது. குரல் தாழ்ந்த கதையில் பேய்க்குக் கூடுதல் வலிமை உண்டு.

இவ்விடத்தில் கைப்பேசியைப் பற்றிச் சொல்லாதிருக்க இயலாது. அதுவும் ஓசையற்றதே, பிள்ளையை அசையாமல் இருத்துவதே. பணிக்களைப்பில் அதைக் குழந்தையிடம் நீட்டும் பெற்றோரைப் பழிப்பது எளிது; நீதி ஆகாது. ஆனால் விடுகதை போடும் பாட்டி, குழந்தையின் விடை தவறும்போது முகம் பார்த்து ஒரு குறிப்பை நழுவ விடுகிறாள். விடையைச் சொல்லிவிடாமலும் பிள்ளையைச் சோரவிடாமலும் நிறுத்துகிறாள். அந்த அளவறிதல் கவிஞரும் கற்க வேண்டிய கலை. வீட்டிலுள்ள குடையையும் பல்லியையும் ஒழுகும் ஓட்டையும் காட்டி, புதிய விடுகதை ஒன்றைக் குழந்தையையே கட்டச் செய்தால், உருவகம் என்ற பெயர் அறியாமலே உருவகம் செய்யும். அழ. வள்ளியப்பா வங்கிப் பணியில் இருந்துகொண்டே குழந்தைகளுக்காகப் பாடினார். அலுவலும் தறியும் சுரங்கமும் கவிதையோடு சேர்த்துச் சுமக்கும் வட்டத்தார்க்கு அவர் அயலார் அல்லர். இம்மலரைப் படிப்போர் ஒவ்வொருவரும், தம் வீட்டு முதியோர் வாயில் எஞ்சியுள்ள நொடிகளையும் கதைகளையும் இந்த ஐப்பசிக்குள் எழுதிவைத்தல் வேண்டும். அடுத்த ஐப்பசிக்கு அவர்கள் இருப்பர் என்பதற்கு உறுதி இல்லை.

மழை எப்போதும் ஆட்டத்துக்கு இடம் தருவதும் இல்லை. 2015ஆம் ஆண்டு நவம்பர் 9ஆம் நாள் கொட்டிய பெருமழையில், கடலூர் மாவட்டத்தில் வீடுகள் இடிந்தன, உயிர்கள் போயின. குறிஞ்சிப்பாடி வட்டத்து ஊர்கள் பலவற்றில் வெள்ளம் புகுந்தது. பள்ளிக் கட்டடமே வீடாகும் அத்தகைய நாட்களில், கற்பிப்போர் இல்லாத வகுப்பறையில் ஒரு சுண்ணக்கட்டி இருந்தால் தாயக்கட்டம் வரையலாம். ஐந்து கூழாங்கல் இருந்தால் ஐந்தாங்கல் ஆடலாம். இழந்த வீட்டை ஆட்டம் மீட்டுத் தராது. மதிய உணவுப் பொட்டலம் வரும்வரை உள்ள நீண்ட பொழுதைக் குழந்தை கடப்பதற்கு அது உதவும். நிவாரணப் பொருள்களைச் சேர்ப்போர், அரிசியும் போர்வையும் போக எஞ்சும் இடத்தில் சில சுண்ணக்கட்டிகளை வைக்கலாம்.

மழை விட்டதும் நெசவாளர் வீட்டில் முதல் வேலை, தறிக்குழியின் நீரை இறைப்பது. நாட்காட்டித் தாளில் கத்திக்கப்பல் மடித்து வைத்திருக்கும் பிள்ளை, இறைப்பதற்குமுன் அதை ஒருமுறை குழியில் மிதக்கவிட வேண்டுமென்று நிற்கும். கூலி இழந்த நாட்களை எண்ணிக்கொண்டே தந்தை சொம்பைக் கீழே வைத்து, கப்பல் மறுகரை சேரும்வரை பொறுத்திருப்பார்.