தலைமுறை இடைவெளியா, கூலிமுறை இடைவெளியா?

(நவி மும்பை, ஐரோலியில் தமிழ்த் தொழிலாளர்களிடையே நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

ஐரோலியின் சாலைகளில் இன்று இரண்டு வகையான விநியோகத் தொழிலாளர்களைக் காண்கிறோம். ஒருவர் தாணே–பேலாப்பூர் சாலை வழியாக வாஷி மொத்தச் சந்தைக்கும் துர்பேக்கும் சென்றுவரும் டெம்போ ஓட்டுநர். அவருக்கு வயது பெரும்பாலும் ஐம்பதை நெருங்கியிருக்கும். மற்றவர் முதுகில் பையைச் சுமந்து, ஐடி வளாகங்களின் வாயிலிலும் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் காவலர் அறை முன்பும் காத்து நிற்கும் இருசக்கர வாகன இளைஞர். தாராவியிலிருந்தும் செம்பூரிலிருந்தும் இப்பக்கம் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பங்களில், தந்தை முன்னவராகவும் மகன் பின்னவராகவும் ஒரே கூரையின்கீழ் வாழ்வதும் உண்டு.

இவ்விருவரும் ஒருவரைப் பற்றி ஒருவர் கூறும் குறைகள் நாம் அனைவரும் கேட்டவையே. "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை. இன்று ஒரு கம்பெனி, நாளை வேறொரு கம்பெனி. தொழிலில் பற்று இல்லை, சங்கம் என்றால் காததூரம் ஓடுகிறார்கள்" என்பது மூத்தவர்களின் குறை. "முதலாளிக்கு முப்பது ஆண்டு விசுவாசமாக உழைத்து நீங்கள் என்ன கண்டீர்கள்? எனக்கு எவரும் முதலாளி இல்லை. வேண்டும்போது செயலியைத் திறப்பேன், வேண்டாதபோது மூடுவேன்" என்பது இளையவர்களின் விடை. செய்தித்தாள்களும் மேலாண்மை வல்லுநர்களும் இதற்குத் 'தலைமுறை இடைவெளி' என்று பெயர் சூட்டிவிட்டனர். சங்கப் பணியில் இருக்கும் நம் தோழர்களில் சிலரும் அதே சொல்லை எடுத்தாள்கின்றனர். இந்தச் சொல் நம்மை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதைச் சிந்திக்க வேண்டியிருக்கிறது.

பொறுப்பின்மை என்ற குற்றச்சாட்டு புதியதன்று. மும்பையின் பஞ்சாலை முதலாளிகள் நூறாண்டுகளுக்கு முன்பே இதைக் கூறினர். தொழிலாளி நினைத்தால் வேலைக்கு வருகிறான், நினைத்தால் ஊருக்குப் போய்விடுகிறான், ஆலை ஒழுக்கம் அவனுக்குப் படியவில்லை என்றனர். 1929இல் அமைக்கப்பட்டு 1931இல் அறிக்கை அளித்த விட்லி ஆணையம், தொழிலாளர்கள் ஊருக்கும் நகருக்கும் இடையே அலைவதையும், வேலைக்கு வராமல் நின்றுவிடுவதையும் விரிவாக ஆராய்ந்தது. ஆள் எடுப்பதையும் நீக்குவதையும் தம் கையில் வைத்திருந்த ஜாபர்களின் கொடுமையையும் அது பதிவு செய்தது. நிலையான வேலை இல்லாத பதிலித் தொழிலாளி ஒவ்வொரு நாள் காலையிலும் ஆலை வாயிலில் நிற்பான். நிரந்தரத் தொழிலாளி எவரேனும் வரவில்லையென்றால் அன்றைக்கு அவனுக்குக் கூலி உண்டு. எல்லோரும் வந்துவிட்டால் வெறுங்கையுடன் திரும்ப வேண்டும். அவனிடம் போய் ஆலைப் பற்றை எதிர்பார்த்தவர்கள் முதலாளிகள்.

துறைமுகத்திலும் இதே நிலைதான். கப்பல் வந்தால் வேலை, வராவிட்டால் பட்டினி. 1948ஆம் ஆண்டின் துறைமுகத் தொழிலாளர் வேலைவாய்ப்பு ஒழுங்குமுறைச் சட்டம் வந்த பிறகே பதிவு, சுழற்சி முறை, வேலையில்லா நாளுக்கும் ஒரு குறைந்தபட்ச வருமானம் என்ற ஏற்பாடுகள் உருவாயின. நிலையான வேலை என்பது மூத்த தலைமுறையின் குணநலனிலிருந்து முளைத்தது அன்று. அதற்கும் முந்தைய தலைமுறை போராடி ஈட்டியது அது. அது கிடைத்தபின் அதற்கேற்ற மனப்பாங்கும் உருவாயிற்று. வேலை நிலைத்தபோது பற்றும் நிலைத்தது.

மூத்த ஓட்டுநர்களின் பழைய நாள்களைப் பொற்காலமாகச் சித்திரிக்கவும் வேண்டியதில்லை. 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், ஐந்தும் அதற்கு மேலும் தொழிலாளர்களைக் கொண்ட நிறுவனங்களில் நாளொன்றுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என வேலை நேரத்தை வரையறுத்தது. டெம்போத் தொழிலில் அந்த வரையறையைக் கண்ணால் கண்ட ஓட்டுநர் எத்தனை பேர்? ஐந்து பேருக்குக் கீழே கணக்குக் காட்டித் தப்பிய உரிமையாளர்கள் எத்தனை பேர்? இரவெல்லாம் வண்டியிலேயே படுத்து, விடியற்காலையில் சரக்கு இறக்கி, மிகைநேரக் கூலி கேட்காமல் இருந்ததற்குத்தான் விசுவாசம் என்று பெயரிட்டனர். மகன் இதைப் பார்த்தே வளர்ந்தான். தந்தையின் வழியில் போக மறுப்பதைச் சோம்பல் என்று கொள்வது சரியாகாது. அதில் ஒரு நியாயமான கணக்கு இருக்கிறது.

ஆனால் மகன் சென்றடைந்த இடம் எது? அங்கே மாதச் சம்பளம் இல்லை, நாள்கூலியும் இல்லை. ஆர்டர் ஒன்றுக்கு இவ்வளவு என்ற துண்டுக்கூலி. மூலதனம் முதல் தொகுதியில் மார்க்ஸ் துண்டுக்கூலிக்கென ஓர் அத்தியாயத்தையே ஒதுக்கினார். இம்முறையில் கண்காணிப்பு பெருமளவுக்குத் தேவையற்றுப் போகிறது; தொழிலாளி தன்னைத் தானே விரட்டிக்கொள்கிறான்; தனக்குச் சுதந்திரம் இருப்பதாக உணர்கிறான்; சக தொழிலாளியோடு போட்டியிடுகிறான்; இவற்றின் மொத்த விளைவாகச் சராசரிக் கூலி கீழிறங்குகிறது என்று அவர் விளக்கினார். ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பு எழுதப்பட்ட அந்த அத்தியாயத்தை இன்றைய விநியோகத் தொழிலாளி படித்தால், தன் கைபேசியைப் பற்றி எழுதியதாகவே எண்ணுவார்.

துண்டுக்கூலியின் அளவை எவர் தீர்மானிக்கிறார்? 2020 ஆகஸ்டில், பெருந்தொற்றின் நடுவே, சென்னையில் ஸ்விகி தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். ஆர்டருக்கு 35 ரூபாயாக இருந்த அடிப்படைத் தொகை 15 ரூபாயாகக் குறைக்கப்பட்டது என்பது அவர்களின் முதன்மையான குற்றச்சாட்டு. 2023 ஏப்ரலில் தில்லி வட்டாரத்தில் பிளிங்கிட் தொழிலாளர்கள் வண்டிகளை நிறுத்தினர். 25 ரூபாயாக இருந்த குறைந்தபட்சத் தொகை 15 ரூபாயானதே அங்கும் காரணம். இரண்டு இடங்களிலும் முன்கூட்டிய பேச்சுவார்த்தை இல்லை. உடன்பாட்டைத் திருத்துவதற்குப் பதிலாகக் கைபேசித் திரையில் எண்ணை மாற்றினார்கள்.

"உழுகிறவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது" என்பது நம் ஊர்ப் பழமொழி. பெட்ரோல், வண்டிக்கடன் தவணை, டயர், கைபேசிக் கட்டணம், போக்குவரத்துக் காவலர் விதிக்கும் அபராதம் ஆகிய அனைத்தும் தொழிலாளியின் தலையில். உணவகத்தின் முன் காத்திருக்கும் அரை மணிக்கும், அடுத்த ஆர்டர் வரும்வரை சாலையோரத்தில் நிற்கும் நேரத்துக்கும் கூலி இல்லை. பழைய ஆலையின் பதிலித் தொழிலாளி வாயிலில் நின்றான். இவர் கிடங்கின் வாயிலில் சொந்த வண்டியோடு நிற்கிறார். இவ்வளவே வேறுபாடு.

தமிழர்களாகிய நமக்கு இன்னொரு நினைவும் உண்டு. இலங்கை, மலேயாத் தோட்டங்களில் நம் முன்னோர் கங்காணியின்கீழ் உழைத்தனர். ஆளைத் திரட்டுவதும், வேலை பகிர்வதும், கூலியில் பங்கு எடுப்பதும் அவரே. மும்பைச் சந்தைகளில் முக்காதம் அதே பணியைச் செய்தார். கங்காணியோ முக்காதமோ முகமும் பெயரும் உள்ள மனிதர். கெஞ்சலாம், சண்டையிடலாம், கூட்டமாகச் சென்று கேட்கலாம். செயலிக்கு முகம் இல்லை. ஐடியை முடக்கினால் காரணம் கேட்க அலுவலகமும் இல்லை. தானியங்கி விடை ஒன்று வந்து நிற்கும். இந்நிலையில் ஒரு செயலியை விட்டு இன்னொன்றுக்குத் தாவுவதுதான் தனி மனிதராக அத்தொழிலாளிக்குக் கிட்டியிருக்கும் ஒரே எதிர்ப்பு வடிவம். மூத்தவர்கள் பற்றின்மை என்று காண்பது பெரும்பாலும் இந்த எதிர்ப்பையே.

இளையவர்கள் சங்கத்துக்கு வரமாட்டார்கள் என்ற முடிவும் உண்மைக்குப் புறம்பானது. சென்னையிலும் தில்லியிலும் வண்டிகளை நிறுத்தியவர்கள் அவர்களே. 2025 டிசம்பர் 25, 31 ஆகிய நாள்களில் நாட்டின் பல நகரங்களில் வேலைநிறுத்த அறைகூவல் விடுக்கப்பட்டது. அதன்பின் 2026 ஜனவரியில் ஒன்றியத் தொழிலாளர் அமைச்சர் தலையிட்டார். பிளிங்கிட் '10 நிமிடம்' என்ற விளம்பர வாசகத்தைக் கைவிட்டது. விளம்பரத்தைக் கைவிடுவதாலேயே வேகத்தின் நெருக்கடி தீர்ந்துவிடாது. ஆயினும் இறங்கி வந்தது எந்தப் பக்கம் என்பது தெளிவு.

தலைமுறைப் பிளவை முதலாளித்துவம் எவ்வாறு திட்டமிட்டு உருவாக்குகிறது என்பதற்கு அமெரிக்கப் பார்சல் நிறுவனமான யுபிஎஸ் நல்ல சான்று. 1997இல் 1,85,000 தொழிலாளர்கள் அங்கு 15 நாள்கள் வேலைநிறுத்தம் செய்தனர். முழுநேரத் தொழிலாளர்கள் தங்களுக்காக மட்டும் அன்றி, பகுதிநேரத் தொழிலாளர்களுக்கு முழுநேர வேலை கோரியும் நின்றதால் வென்றனர். 2018 ஒப்பந்தத்தில் நிலை தலைகீழாயிற்று. '22.4' என்ற புதிய பிரிவு நுழைக்கப்பட்டது. அதே வண்டி, அதே பார்சல். ஆனால் புதிதாகச் சேரும் ஓட்டுநருக்குக் குறைந்த ஊதியம். வாக்களித்தவர்களில் 54 விழுக்காட்டினர் அதை நிராகரித்தனர். பாதிக்கும் குறைவானோரே வாக்களித்தனர் என்ற விதியைக் காட்டி டீம்ஸ்டர்ஸ் சங்கத் தலைமை ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டது. மூத்தவரும் இளையவரும் ஒருவரையொருவர் ஐயத்துடன் பார்க்கும் நிலையை அந்தக் கையெழுத்து உண்டாக்கியது. பின்னர் உறுப்பினர்கள் அந்த விதியை நீக்கினர்; 2021இல் தலைமையையும் மாற்றினர். 2023இல் ஏறத்தாழ 3,40,000 தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்துக்கு ஆயத்தமான நிலையில், '22.4' பிரிவு ஒழிக்கப்பட்டது. அப்பிரிவினர் வழக்கமான ஓட்டுநர்களாக மாற்றப்பட்டனர்.

இதிலிருந்து நாம் பெறும் பாடம் கசப்பானது. மூத்தவர்களின் உரிமையைக் காத்துக்கொள்ளப் புதியவர்களின் உரிமையை விட்டுக்கொடுத்த ஒவ்வொரு இடத்திலும், மூத்தவர்களின் உரிமையும் நீடிக்கவில்லை. நம் நாட்டு ஆலைகளில் நிரந்தரத் தொழிலாளிக்கு அருகில் ஒப்பந்தத் தொழிலாளி அதே வேலையைப் பாதிக் கூலிக்குச் செய்ய வந்தபோது, சங்கங்கள் பல அதைக் காணாதிருந்தன. அன்று காணாதிருந்ததன் விலையை இன்று செலுத்துகிறோம்.

நமக்கு முன்மாதிரி தேடி அமெரிக்கா வரை போக வேண்டியதும் இல்லை. அது ஐரோலிக்கு அருகில், வாஷியிலேயே இருக்கிறது. தலைச்சுமைத் தொழிலாளர்களான மாத்தாடிகளுக்கு ஒரே முதலாளி என்று எவரும் இல்லை. காலையில் ஒரு வணிகரின் மூட்டை, பிற்பகலில் இன்னொருவரின் மூட்டை. "உன் முதலாளி யார்?" என்ற கேள்வியைக் காட்டியே அவர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு மறுக்கப்பட்டது. அண்ணாசாகேப் பாட்டீல் தலைமையில் அவர்கள் நடத்திய நெடிய போராட்டத்தின் பயனாக, 1969இல் மகாராஷ்டிர மாத்தாடிச் சட்டம் பிறந்தது. தொழிலாளியும் வணிகரும் வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். கூலியுடன் அதில் குறிப்பிட்ட விழுக்காட்டைத் தீர்வையாகவும் வணிகர் வாரியத்தில் செலுத்துவார். தொழிலாளர், முதலாளி, அரசு ஆகிய முத்தரப்பும் அமர்ந்த அவ்வாரியம் கூலி, வருங்கால வைப்புநிதி, பணிக்கொடை, போனஸ், விடுப்பூதியம், மருத்துவ வசதி ஆகியவற்றை வழங்கும். துண்டுக்கூலி உழைப்பும் சமூகப் பாதுகாப்பும் ஒருங்கே இயலும் என்பதை அரை நூற்றாண்டுக்கும் மேலாக மெய்ப்பித்து வரும் சட்டம் இது. அதை முடக்கும் திருத்தங்களுடன் 2023இல் மசோதா வந்தபோது மாத்தாடிகள் எதிர்த்து நின்றனர். அங்கும் வாரிசு உறவுகளுக்குள் இடம் கைமாறுவது போன்ற குறைகள் உண்டு. அவற்றைக் களைவது சங்கத்தின் கடமை. அவற்றைச் சாக்காகக் கொண்டு சட்டத்தை அழிக்க இடந்தரக் கூடாது.

2025 நவம்பர் 21இல் நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்ட சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு, கிக் தொழிலாளி என்ற பெயரைச் சட்டத்தில் ஏற்றியது. நிறுவனங்கள் தம் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 விழுக்காடு வரை நிதியத்துக்குச் செலுத்த வேண்டும். ஆனால் அத்தொகை தொழிலாளர்களுக்கு வழங்கும் தொகையில் 5 விழுக்காட்டைத் தாண்ட வேண்டியதில்லை. குறைந்தபட்சக் கூலி, வேலை நேரம், சங்க அங்கீகாரம் ஆகியவை இதில் அவர்களுக்கு இல்லை. தொழிலாளி என்ற தகுதியை மறுத்துவிட்டு நலநிதியை மட்டும் நீட்டும் ஏற்பாடு இது. தமிழ்நாடு 2023இல் தனி நலவாரியம் அமைத்தது. ராஜஸ்தான் அதே ஆண்டில் தனிச் சட்டம் இயற்றியது. கர்நாடகத்தின் 2025ஆம் ஆண்டுச் சட்டம், காரணத்தை எழுத்தில் கூறி 14 நாள் முன்னறிவிப்பு அளிக்காமல் வேலையிலிருந்து நீக்கக் கூடாது என்கிறது. இவை நாம் ஊன்றி நின்று மேலேறுவதற்கான படிகள்.

அப்படியானால் ஐரோலியில் நாம் செய்ய வேண்டியவை எவை?

முதலாவதாக, சங்கத்தின் கடிகாரத்தை மாற்ற வேண்டும். மாலை ஏழு மணிக்கு இளைஞர்களின் உணவு ஆர்டர்கள் உச்சத்தில் இருக்கும். அந்நேரத்தில் கூட்டம் கூட்டிவிட்டு "எவரும் வரவில்லை" என்று குறைப்படுவதில் பொருளில்லை. பிற்பகல் மூன்று மணிக்கோ, இரவு பதினொன்றுக்குப் பின்போ அவர்கள் நிற்கும் இடத்துக்கே நாம் செல்ல வேண்டும்.

இரண்டாவதாக, டெம்போ நிறுத்தங்கள் இருவருக்கும் பொதுவாக வேண்டும். குடிநீர், கழிப்பறை, மழைக்கு ஒதுங்கக் கூரை ஆகிய மூன்றையும் மாநகராட்சியிடம் மூத்தவரும் இளையவரும் சேர்ந்தே கோர வேண்டும். ஒற்றுமை இத்தகைய சிறு கோரிக்கைகளில்தான் தொடங்கும்.

மூன்றாவதாக, மாத்தாடி வாரியத்தின் அடிப்படையில் செயலித் தொழிலாளர்களுக்கும் முத்தரப்பு வாரியம், கிலோமீட்டருக்குக் குறைந்தபட்சக் கூலி, காத்திருப்புக்கு ஊதியம், விபத்து இழப்பீடு, விசாரணையின்றி ஐடி முடக்கத் தடை. இக்கோரிக்கைகளை மூத்த ஓட்டுநர்களின் சங்கமே தன் பெயரில் முன்வைக்க வேண்டும்.

நான்காவதாக, உத்தரப் பிரதேசத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த இளைஞர்கள் கூலியைக் கெடுத்துவிட்டார்கள் என்ற பேச்சுக்கு நம்மிடையே இடமிருக்கக் கூடாது. 1960களின் பிற்பகுதியில் இதே மும்பையில் தமிழர்களைப் பற்றி அப்படித்தான் பேசினார்கள்.

இளையவர்கள் விரும்பும் சுதந்திரத்தை எள்ளி நகையாடாதீர்கள், மூத்த தோழர்களே! மேலாளரின் வசவு கேட்காத வேலை, தன் நேரத்தைத் தானே வகுக்கும் உரிமை ஆகியவை தொழிலாளி வர்க்கத்தின் பழைய கனவுகளே. செயலி அவற்றைக் காட்டி ஏய்க்கிறது. சங்கம் அவற்றை ஈட்டித் தர முடியும். இளந்தோழர்களே! உங்கள் தந்தையரின் சங்கப் பற்றைப் பழைமை என்று தள்ளாதீர்கள். ஐடி முடக்கப்பட்ட நாளில் செயலியின் உதவி எண் உங்களுக்குத் துணை வராது. உங்களுக்காக நாலு பேரைத் திரட்டிக்கொண்டு கிடங்கின் வாயிலுக்கு வருபவர் அந்த டெம்போ ஓட்டுநராகத்தான் இருப்பார்.

இரு தலைமுறைகளும் ஒரே உறுப்பினர் பதிவேட்டில் இடம்பெறும் பணியை இம்மாதமே தொடங்குவோம்.