திருகி மாற்றும் ஷாக் அப்சார்பர் நமக்குத் தேவையா?

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



கச்சிராயபாளையத்திலிருந்து கல்வராயன் மலையேறி வெள்ளிமலை போய்வந்தவர்கள் பலர், "பின் சீட்டில் அம்மாவுக்கு இடுப்பே போச்சு" என்றீர்கள். திருகி மாற்றும் ஷாக் அப்சார்பர் போடலாமா என்றும் கேட்டீர்கள்.

பள்ளத்தில் விழும் அடியை வாங்குவது ஸ்பிரிங். வாங்கியபின் அது மேலும் கீழும் ஆடும். அந்த ஆட்டத்தை அடக்குவதே ஷாக் அப்சார்பர். உள்ளே பிஸ்டன் எண்ணெயைச் சிறு துவாரங்கள் வழியே தள்ளும்; ஆட்டத்தின் ஆற்றல் வெப்பமாகிவிடும். துவாரம் சிறுத்தால் கடினம், பெருத்தால் மென்மை.

சாதாரணக் காரில் இந்த அளவு மாறாது. தனியாக அலுவலகம் போனாலும், ஐந்து பேர் மூட்டை முடிச்சோடு மலையேறினாலும் அதேதான். திருகும் வகையில் அளவு உங்கள் கையில். ஊருக்குள் மென்மையாக வைக்கலாம். பாரத்தோடு கொண்டை ஊசி வளைவில் கார் சாயாதபடி சற்றுக் கடினமாக்கலாம். டயர் சாலையை விடாமல் பிடித்தால்தான் பிரேக்கும் பிடிக்கும்.

2024-இல் அறிமுகமான மஹிந்திரா பிஇ 6 மின்காரின் உயர் மாடலில் சாலைக்கேற்ப இதைத் தானே மாற்றும் வசதி உண்டு. 2002-லேயே அமெரிக்காவின் கேடிலாக் காரில், இரும்புத்துகள் கலந்த திரவத்தைக் காந்தத்தால் கெட்டியாக்கும் முறை வந்துவிட்டது.

ஆனால் கடினம் என்றாலே பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள். நானும் முதலில் கடைசிவரை இறுக்கினேன். கோமுகி அணை தாண்டுவதற்குள், "நீ போப்பா, நான் பஸ்ஸில் வருகிறேன்" என்றார் அம்மா. குண்டும் குழியுமான சாலையில் அளவுக்கு மீறி இறுக்கினால் டயர் துள்ளும், பிடிமானம் குறையும். முழுதும் இறுக்கி, அங்கிருந்து 'கிளிக்' எண்ணித் தளர்த்தி, இடமும் வலமும் ஒரே எண்ணில் வையுங்கள். எண்ணை எழுதி வையுங்கள். இன்னொன்று: அதிக பாரத்தைத் தாங்குவது ஸ்பிரிங்தான், ஷாக்கைத் திருகி அதை ஈடுகட்ட முடியாது.

செலவு செய்யுமுன் இருப்பதைப் பாருங்கள். ஷாக் அப்சார்பரில் எண்ணெய்க் கசிவு இருக்கிறதா? காரின் மூலையை அழுத்திவிட்டால் ஒருமுறை எழுந்து நிற்கிறதா, ஆடிக்கொண்டே இருக்கிறதா? ஆடினால் சாதாரணப் புது ஜோடியே பாதிக் குறையைத் தீர்க்கும். அடிக்கடி பாரமும் பாதையும் மாறுகிறவர்களுக்கே திருகும் வகை காசுக்கு ஏற்றது.

ஞாயிறு காலை 7 மணிக்குப் பார்க்கிங்கில் இருப்பேன். கார் சாவியோடு வாருங்கள், சேர்ந்து அழுத்திப் பார்ப்போம்.