மணல் நிலமும் மனைத் திட்டமும்

(இளைஞர் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



'வீட்டைக் கட்டிப் பார், கலியாணத்தைச் செய்து பார்' என்பர் நம் முன்னோர். வீடு கட்டுவோன் படும் பாட்டைக் கூறுவது அப்பழமொழி. வீட்டைத் தாங்கும் நிலம் படும் பாடு யாது என்பதே இன்று நாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருள்.

நமது புத்தளம் மாவட்டக் கரையிலே, உடப்பிலும் கற்பிட்டியிலும், ஒருபுறம் கடல், மறுபுறம் களப்பு, இடையிற் கிடப்பது மணல். இம்மணலின் கீழுள்ள நன்னீர் மழை தந்த கொடை. அது உப்புநீரின் மேலே மிதந்து நிற்கின்றது. கடல் மட்டத்திற்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் உண்டு என்பது நிலநீர் நூலார் கணக்கு. அவ்வாறாயின், அளவின்றி இறைத்து மேல்மட்டத்தை 1 அடி தாழ்த்துவோமாயின், காலப்போக்கில் உப்புநீர் கீழிருந்து 40 அடி ஏறி வரும். கிணற்றில் நீர் இருக்கும்; குடிக்க நீர் இராது.

இத்தகைய நிலத்தில் ஒருவர் 2½ ஏக்கர் தென்னங்காணியைப் பத்துப் பத்துப் பேர்ச்சாகப் பிரித்து 40 வீடுகள் எழுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். சிறிய திட்டந்தானே என்று எவரும் பொருட்படுத்தார். சட்டமும் பெரியனவற்றையே முதலில் நோக்குகின்றது. 1980ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடல் சட்டம் 1988இல் திருத்தப்பட்டபோது சுற்றாடல் தாக்க மதிப்பீடு நம் நாட்டிற் கட்டாயமாயிற்று. எந்தெந்தத் திட்டங்களுக்கு அது வேண்டும் என 1993இல் வெளியான வர்த்தமானிப் பட்டியல், வீடமைப்பைப் பொறுத்தவரை 1,000 வீடுகளுக்கு மேற்பட்டவற்றையே குறித்தது. கடலோரத்தில் உயர்நீர் மட்டத்திலிருந்து 300 மீற்றருக்குள் கட்டுவதாயின், 1981ஆம் ஆண்டின் கரையோரம் பேணற் சட்டப்படி அனுமதி பெறல் வேண்டும். அதற்கப்பால் அமையும் 40 வீடுகளுக்குக் கணக்குப் பார்ப்பவர் யார்? நாமே பார்த்தல் வேண்டும்.

கணக்கு மிக எளிது. 10 பேர்ச் என்பது ஏறத்தாழ 253 சதுர மீற்றர். சதுரமான காணியானால் பக்கம் 16 மீற்றர். மூலைக்கு மூலை 22½ மீற்றர். இடம்பெயர்ந்தோர் குடியிருப்புகளுக்கென உலகளவில் வகுக்கப்பட்ட நெறியோ, கிணற்றுக்கும் மலக்குழிக்கும் இடையே 30 மீற்றர் இருத்தல் வேண்டும் என்கிறது. ஆதலின் ஒரு மூலையிற் கிணறும் எதிர்மூலையில் மலக்குழியும் அமைத்தாலும் அக்காணி போதாது. அடுத்த வீட்டார் குழியோ நம் கிணற்றுக்கு இன்னும் அண்மையில் இருக்கும்! மதில் எழுப்பி எல்லை வகுக்கலாம்; மணலுக்குள் ஓடும் நீருக்கு மதில் ஏது?

கற்பிட்டிக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று மிகுந்திருப்பதை ஆய்வாளர் கண்டுள்ளனர். தோட்டங்களுக்கு இடும் உரம் அதற்குப் பெருங்காரணம். மலக்குழிக் கசிவும் அதனோடு சேரும். குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமே எல்லை என உலக சுகாதார நிறுவனம் விதித்துள்ளது. அதற்கு மிஞ்சிய நீரிற் பால்மா கரைத்துக் கொடுத்தால் கைக்குழந்தையின் இரத்தம் உயிர்வளியைச் சுமக்க மாட்டாது போகலாம். உடல் நீலம் பாயும். நீரைக் கொதிக்க வைத்தால் நைத்திரேற்று நீங்காது; நீர் வற்ற வற்ற அது செறியும். தாய்மார் இதனை மனத்திற் கொள்வார்களாக.

இப்படிச் சொல்வதால் வீடே வேண்டாம் என்கிறோமா? அன்று, அன்று! 1990 ஒக்டோபரில் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் சகோதரர் பல்லாயிரவர் இம்மாவட்டத்திலே தஞ்சம் புகுந்தனர். ஓலைக் கொட்டில்களில் அவர்கள் கழித்த ஆண்டுகள் பல. 2007இல் உலக வங்கியின் உதவியோடு அவர்களுக்கென வீடமைப்புத் திட்டம் தொடங்கியபோது, வீட்டோடு குடிநீரும் மலசலகூடமும் அதிற் சேர்க்கப்பட்டன. கூரை மட்டும் வீடாகாது என்பதை அது உணர்த்துகின்றது. இன்று காணி தேடி அலையும் நம் இளங்குடும்பங்களுக்கும் வீடு வேண்டும். குடிக்க நல்ல நீரும் வேண்டும்.

ஆகவே, அத்திவாரம் வெட்டுமுன் நாம் செய்யத்தக்கன சில உள. அயற் கிணறுகளின் மட்டத்தைக் கோடையில் ஒருமுறையும் மாரிக்குப் பின் ஒருமுறையும் கயிறிட்டு அளந்து எழுதி வைத்தல் வேண்டும். நீரின் உப்பையும் நைத்திரேற்றையும் பரிசோதித்தல் வேண்டும். வீட்டுக்கு வீடு கிணறு தோண்டாது, நிலநீர் வந்து சேரும் மேற்பக்கத்திற் பொதுக்கிணறும், அது வழிந்தோடும் கீழ்ப்பக்கத்தில் கசியாத மலத்தொட்டியும் அமைத்தல் வேண்டும். தொட்டி நிறைந்தால் அதனை அகற்றும் பவுசருக்கு வழியும் விடுதல் வேண்டும். 50 சதுர மீற்றர்க் கூரையில் ஆண்டுக்கு 1,000 மில்லிமீற்றர் மழை பெய்தால் 50,000 லீற்றர் நீர் விழும். பாதியைப் பிடித்தாலும் பெரும் உதவி. கடற்கரை மணலைப் பிடித்து நிற்கும் இராவணன் மீசைப் புல்லையும், களப்போரக் கண்டல் மரங்களையும், காணி துப்புரவாக்குகிறோம் என்று அழித்தல் ஆகாது. மீன் குஞ்சுகளின் தொட்டில் அக்கண்டலே.

பெரியோர்களே! எந்தக் கோடையில் எந்தக் கிணறு உவர்த்தது என்பது தங்கள் நினைவில் இருக்கின்றது. அதனைச் சொல்லுங்கள். வாலிபர்களே! அதனைக் கேட்டுக் கொப்பியில் எழுதுங்கள். கிணற்றின் படமும் மட்டமும் குறித்துப் பிரதேச செயலகத்தின் முன் வையுங்கள். சிரமதானத்திற் காட்டும் ஊக்கத்தில் ஒரு பங்கு இதற்குப் போதும்.

அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு. சிறு வீடுகள் திரண்டால் ஒரு நீர்நிலையைக் கெடுக்கவும் வல்லன. சிறு கைகள் திரண்டால் அதனைக் காக்கவும் வல்லன. எது நிகழ வேண்டும் என்பது நம் கையில் உள்ளது.