நீண்ட ஒலிப்பதிவில் வேண்டிய இடம்



இரண்டு மணி நேர ஒலிப்பதிவில் 40ஆவது நிமிடத்திலுள்ள பகுதி வேண்டும். சுட்டியால் நகர்த்தினால் கணினி திணறுகிறது. இல்லையென்றால் வேறெங்கோ பேச்சு தொடங்குகிறது. பார்வைக் குறைபாடுள்ள மாணவருக்கு இந்த ஒலிப்பதிவுதான் பாடநூல். நாம் பக்கம் புரட்டுவதைப் போல அவரும் நினைத்த இடத்துக்குப் போக வேண்டாமா?

கணினி பழசு என்று உடனே சொல்லிவிடுகிறோம். முதலில் பென் டிரைவிலிருந்து கோப்பை ஹார்ட் டிஸ்கில் நகலெடுத்துப் பாருங்கள். சரியாகிவிட்டால் நல்லது. ஆகாவிட்டால் கோப்பின் அமைப்பைத்தான் நான் சந்தேகிப்பேன்.

எம்.பி.3 கோப்பில் பிட்ரேட் சீராக 64 கிலோபிட் என்றால் ஒரு நொடிக்கு 8,000 பைட். 2,400 நொடியை அதனால் பெருக்கினால் இடம் கிடைத்துவிடும். வெறும் பெருக்கல் கணக்கு. மாறும் பிட்ரேட்டில் இது செல்லாது. அதற்காகவே கோப்பின் தொடக்கத்தில் 100 குறிகள் கொண்ட அட்டவணை வைப்பார்கள். அது இல்லாவிட்டால் பிளேயர் உத்தேசமாகத் தாவும், அல்லது முதலிலிருந்து படித்துக்கொண்டே வரும். அட்டவணை இருந்தாலும், இரண்டு மணி நேரத்துக்கு 72 நொடிக்கு ஒரு குறிதான்.

நான் ஆடாசிட்டியில் திறந்து, 'கான்ஸ்டன்ட்' என்பதைத் தேர்ந்து, மறுபடி எம்.பி.3 ஆகச் சேமிக்கிறேன். பேச்சுக்கு மோனோவில் 64 போதும்; ஒரு மணி நேரம் சுமார் 29 எம்.பி. பழைய கோப்பை அழித்துவிடாதீர்கள். ஒவ்வொரு பாடத் தொடக்கத்திலும் கன்ட்ரோல்-பி அழுத்திப் பெயரிட்டால், பாடவாரியாகத் தனிக் கோப்புகளாகவும் பிரிக்கலாம். பெயருக்கு முன் 01, 02 என்று போடுங்கள். வெறும் 1, 2 என்றால் சில பிளேயர்களில் 10 முந்திக்கொள்ளும்.