கோழியூரும் கண்காட்சிச் சேவலும்

ஸ்ரீரங்கத்துக்காரன் ஒருவன் பேச வந்தால் கோபுரத்தைப் பற்றியோ கொள்ளிடத்தைப் பற்றியோ பேசுவான் என்று நேயர்கள் எதிர்பார்ப்பீர்கள். நான் சேவலைப் பற்றிப் பேசப் போகிறேன். இதில் இடப்பொருத்தம் இல்லாமற் போகவில்லை. பங்குனி உற்சவத்தில் கமலவல்லி நாச்சியாரோடு சேர்த்தி காண நம்பெருமாள் எழுந்தருளும் உறையூருக்குத் திருக்கோழி என்று பெயர். சோழர் தலைநகரான அவ்வூரில் ஒரு கோழி யானையை எதிர்த்து வென்றதாம். கதை கதையாகவே இருக்கட்டும். விழுப்புரம் மாவட்டத்து அரசலாபுரத்தில் நிற்கும் கல் கதையன்று. ஏறக்குறைய 1,500 ஆண்டுகளுக்கு முன், மாண்ட வீரனுக்கு எடுப்பது போலவே, ஒரு சேவலுக்கு உருவும் எழுத்தும் பொறித்து நடுகல் எடுத்திருக்கிறார்கள்.

நம் நாட்டுப் போர்ச் சேவல்களில் புகழ் பெற்றது அசீல். கலப்பற்ற மூலம் என்று பொருள்படும் அரபுச் சொல் அது. நம் பக்கத்தில் பெருஞ்சாதி என்பார்கள். இது இங்கிலாந்துக்குச் சென்று, கார்னிஷ் என்ற இனம் உருவாக உதவியது. உலகெங்கும் இன்று விற்கும் கறிக்கோழியின் உடலில் அந்தக் கார்னிஷின் இரத்தம் ஓடுகிறது.

இங்கிலாந்தில் 1835ஆம் ஆண்டுச் சட்டம் சேவற்சண்டைக்குத் தடை விதித்தது. பத்தாண்டுகள் கழித்து, 1845இல், லண்டன் மிருகக்காட்சிசாலையில் பெரிய கோழிக் கண்காட்சி நடந்தது. களத்தில் வெல்ல வளர்த்த பறவையை மேடையில் வெல்ல வளர்க்கத் தொடங்கினார்கள். நம் நாட்டிலும் 1960ஆம் ஆண்டுச் சட்டம் பிராணிகளை மோதவிடுவதைக் குற்றமாக்கியது. மோதல் இல்லையென்றால், குறைவாக முட்டையிட்டு மெதுவாக வளரும் இந்த இனத்தை ஒருவர் ஏன் வளர்க்க வேண்டும்? தமிழ்நாட்டில் இதற்குக் கிடைத்த விடைகளுள் ஒன்று, கிளிமூக்கு விசிறிவால். கிளியினுடையது போல் வளைந்த குட்டை அலகும், தரையை நோக்கி நீண்டு சரியும் வாலும் உடைய சேவல் இது. திண்டுக்கல் போன்ற ஊர்களில் இதற்கென்றே கண்காட்சிகள் நடந்திருக்கின்றன.

கண்காட்சிச் சேவலைத் துரத்திப் பிடிக்கலாகாது. மாலையில் அடைந்த பிறகு, ஒரு கையை மார்பின் கீழே கொடுத்து, கால்களை விரல்களுக்கிடையே நிறுத்தி, மறு கையால் சிறகை அணைத்து எடுக்க வேண்டும். காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிடுவது சந்தை வழக்கம்; பழகிய வளர்ப்பாளன் அதைச் செய்யான். குஞ்சாக இருக்கும்போதே கைக்குப் பழக்கினால், நடுவர் தொடும்போது சேவல் மிரளாது. இரண்டு வாரம் முன்னதாகவே கூண்டில் நிற்கப் பழக்கி, மெல்லிய குச்சியால் மார்பின் கீழ் தொட்டு நிமிர்ந்து நிற்கச் சொல்லித் தருவார்கள். வாலுக்காக உயர்ந்த கம்பும் அகலமான கூடும் வேண்டும். ஒடிந்த இறகு, அடுத்த இறகுதிர்வு வரை ஒடிந்ததுதான். இளஞ்சேவல்களைச் சேர்த்து விட்டாலோ, ஒன்றின் வாலை மற்றொன்று ஒரே காலைப்பொழுதில் தீர்த்துவிடும்! காட்சிக்கு இரண்டு மூன்று நாள் முன்பு, வெதுவெதுப்பான நீரில் காரமில்லாத சோப்பிட்டு, இறகு படிந்திருக்கும் திசையிலேயே தடவிக் கழுவ வேண்டும். சோப்பு போக மறுபடியும் அலசி, காற்றோட்டமான நிழலில் உலர்த்த வேண்டும். கொண்டைக்கும் காலுக்கும் ஒரு துளித் தேங்காயெண்ணெய் போதும்.

பல ஊர்ப் பறவைகள் கூடும் இடத்தில் ராணிக்கேத் நோயும் கூடும். தடுப்பூசி போடாத பறவையை அழைத்துச் செல்வது தவறு. திரும்பி வந்த பறவையை இரண்டு வாரமாவது தனியே வைத்துப் பார்க்க வேண்டும். பரிசு வாங்கி வந்த மகிழ்ச்சியில் பலர் மறப்பது இதைத்தான்.

எனக்கு ஒரு கவலை உண்டு. புகழ் பெற்ற ஒரு சேவலின் வழியிலேயே தாயும் மகனும் தமக்கையும் தம்பியுமாக இணைத்துக்கொண்டே போனால், வால் நீளும், முட்டை பொரிவது குறையும், குஞ்சு நலியும். அலகை மேன்மேலும் வளைத்தால், மேல் அலகும் கீழ் அலகும் பொருந்தாமற் போகும். மாணவர்களே, உங்களில் யாரேனும் கால்நடை மருத்துவம் படித்து நடுவராக அமர நேர்ந்தால், இறகை அளக்கும் முன் கூண்டில் ஒரு பிடி கம்பைத் தூவிப் பாருங்கள். பொறுக்கித் தின்னத் தெரியாத சேவலை நான் முதல் வரிசையில் வைக்க மாட்டேன். அதன் பின், அதை ஈன்ற பெட்டை எப்படியிருக்கிறது, எத்தனை முட்டையிட்டு எத்தனை குஞ்சு பொரித்தது என்று கேளுங்கள். வளர்ப்பவரிடம் அதற்கு எழுதி வைத்த கணக்கு இருக்க வேண்டும்.