நடைப் போட்டியும் ஒரு கைபேசித் தோட்டமும்

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம் குடியிருப்பின் நடைப் போட்டி மூன்று மாதமாக நடக்கிறது. தினமும் இரவு ஒன்பது மணிக்கு வாட்ஸ்அப் குழுவில் பட்டியல் வந்துவிடும். முதல் வாரம் எண்ணிக்கை அனுப்பியவர்களில் பாதிப் பேர் இப்போது அனுப்புவதில்லை. நின்றுபோனவர்கள் பெரும்பாலும் மூத்தவர்கள், முழங்கால் வலி உள்ளவர்கள். நடை யாருக்கு அதிகம் தேவையோ அவர்களே விலகிவிட்டார்கள். அவர்களுக்கு அக்கறை இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். நாம் வைத்த விதியைக் கொஞ்சம் பார்ப்போம்.

முதலில் நம் இலக்கு, 10,000 அடிகள். டோக்கியோ ஒலிம்பிக் நடந்த மறு ஆண்டு, 1965-ல், ஜப்பானில் ஒரு நிறுவனம் அடி எண்ணும் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் பெயர் 'மன்போ-கெய்'. 'பத்தாயிரம் அடி மானி' என்று பொருள். வாயில் நிற்கிற பெயர். அதுவே உலகம் முழுக்க இலக்காகிவிட்டது. 2019-ல் ஹார்வர்டைச் சேர்ந்த ஐ-மின் லீ குழுவினர், சராசரி வயது 72 உள்ள 16,741 பெண்களின் நடையை ஆராய்ந்து வெளியிட்டார்கள். நாளுக்குச் சுமார் 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு விகிதம் 41 சதவீதம் குறைவாக இருந்தது. சுமார் 7,500 அடிக்கு மேல் கூடுதல் பலன் தெரியவில்லை. நடைதான் காரணம் என்று இந்த ஆய்வு மட்டும் நிரூபித்துவிடாது. ஆனாலும் 4,000 அடி நடந்துவிட்டுத் தலைகுனிய வேண்டியதில்லை என்று சொல்ல இது போதும்.

அடுத்தது பட்டியல். 2006-ல் அமெரிக்காவில் 'ஃபிஷ்-அண்ட்-ஸ்டெப்ஸ்' என்ற விளையாட்டை 19 பேரிடம் 14 வாரம் சோதித்தார்கள். நடந்தால் திரையில் உங்கள் மீன் வளரும், சிரிக்கும். நடக்காவிட்டால் முகம் வாடும். என்ன ஆயிற்று தெரியுமா? மீன் வாடியபோது சிலர் கூடுதலாக நடக்கவில்லை. மீனைப் பார்ப்பதையே தவிர்த்தார்கள். நம் குழுவில் நடப்பதும் இதுதானே? கடைசி வரியில் தன் பெயரைப் பார்க்க யாருக்குப் பிடிக்கும்?

மனிதர்களும் கருவிகளும் பழகும் விதத்தை ஆராயும் சன்னி கன்சோல்வோ என்பவர், சியாட்டிலில் தன் குழுவினருடன் 'யுபிஃபிட் கார்டன்' என்ற ஒன்றை உருவாக்கினார். கைபேசியின் முகப்புத் திரையில் ஒரு தோட்டம். நடந்தால் ஒரு பூ. உடலை வளைத்து நீட்டும் பயிற்சிக்கு வேறு பூ, தசைப் பயிற்சிக்கு இன்னொன்று. வார இலக்கை எட்டினால் பட்டாம்பூச்சி. இலக்கை அவரவரே வைத்துக்கொள்ளலாம். கருவி கவனிக்கத் தவறிய பயிற்சியைக் கையால் குறித்துக்கொள்ளலாம். ஒன்றும் செய்யாத வாரத்தில் தோட்டம் காலியாக இருக்கும், அவ்வளவுதான். எந்தப் பூவும் வாடாது. யாரும் முறைக்க மாட்டார்கள். போன வாரத்துப் பட்டாம்பூச்சியும் சிறிதாக அங்கேயே இருக்கும்.

மூன்று மாதம் சோதித்தார்கள். நடுவில் ஆண்டுக் கடைசி விடுமுறைக் காலம் வந்தது. தோட்டம் வைத்திருந்தவர்கள் பயிற்சியைத் தக்கவைத்தார்கள். தோட்டம் இல்லாதவர்களின் பயிற்சி குறைந்தது. சின்ன ஆய்வுதான், ஆனால் நமக்குப் பாடம் இருக்கிறது.

எனவே மூன்று வேண்டுகோள். ஒன்று, வரிசைப் பட்டியலை நிறுத்துவோம். இலக்கை எட்டியவர்கள் பெயரை மட்டும், அகர வரிசையில் போடுவோம். இரண்டு, இலக்கை அவரவரே, தேவைப்பட்டால் மருத்துவரைக் கேட்டு, முடிவு செய்யட்டும். மூன்று, யோகா, மாடிப்படி, நாற்காலியில் அமர்ந்து செய்யும் பயிற்சி, எல்லாமே கணக்கில் சேரட்டும்.

போட்டியில் முதலிடம் பிடிப்பவர் எப்படியும் நடப்பார். பாதியில் நின்ற நம் பெரியவர்களை மீண்டும் கீழே இறங்கி வரவைப்பதுதான் நம் வேலை. உங்கள் பக்கத்து வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், இன்று மாலை கதவைத் தட்டி, "வாங்க, ஒரு சுற்று போய்ட்டு வரலாம்" என்று கூப்பிடுங்கள்.